இதோ, இந்த லாரிதான்

"இதை எழுதினது நீங்களா?"

தீர்த்தகிரியின் கேள்விக்குக் கமலவேணி தலையை மட்டும் ஆட்டினாள். எதிர் பெஞ்சில் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திட்டியிருந்தால் கமலவேணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது தீர்த்தகிரியின் துப்பறியும் நிலையம். பல வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, அடுத்தவர்களின் பொய்யையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் எழுதியவன் அவன். ஒருநாள் அலுத்துப்போய், இனிமேல் உண்மையைத் தேடலாம் என்று வேலையை விட்டான். உண்மைக்கு வரும்படி குறைவு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த எரிச்சல் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

"ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க," என்று தாளை நீட்டினான்.

படிக்கத் தேவையே இல்லை. கமலவேணிக்கு அது மனப்பாடம். "இதோ, இந்த லாரிதான் கருப்பண்ணனின் உயிரைக் குடித்துவிட்டு நிற்காமல் பறந்தது."

சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த லாரியை ஓட்டுகிற சென்னிமலை அவள் புருஷன். அவனைக் காப்பாற்றத்தான் அவள் தீர்த்தகிரியிடம் வந்திருந்தாள்.

போன மார்கழியில், ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், மேட்டுக்காடு பஸ் ஸ்டாப் அருகே, விடியற்காலை சைக்கிளில் பால் கொண்டுபோன கருப்பண்ணனை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. எந்த லாரி என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் டிவிக்கு உண்மைச் சம்பவ நிகழ்ச்சிகள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி இதைப் படமாக எடுத்தது. விவரம் திரட்டும் பயிற்சியில் இருந்த கமலவேணிக்கு அதுதான் முதல் வேலை. ஊர் ஊராக அலைந்தாள், நன்றாகவே திரட்டினாள். கடைசியில் பின்னணிக் குரலுக்கு வரி எழுதச் சொன்னார்கள். படத்தில் ஓடியது ஏதோ ஒரு லாரி. 'ஏதோ ஒரு லாரி' என்று எழுதியிருந்தால் அது உண்மை. ஆனால் அதில் விறுவிறுப்பு இல்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மறுநாளே மேட்டுக்காட்டிலிருந்து மூன்று பேர் போலீசுக்குப் போனார்கள். டிவியில் வந்த அதே லாரியைத்தான் விபத்தன்று கண்ணால் பார்த்தோம் என்றார்கள். படத்தில் அதன் நம்பரும் தெளிவாகத் தெரிந்தது. சென்னிமலை அன்றைக்கே தலைமறைவாகிவிட்டான். சென்னையில் கம்பெனி முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். கொலைகார லாரியையே நம் நிகழ்ச்சி பிடித்துவிட்டது, அடுத்த பாகத்துக்கு விவரம் திரட்டிக்கொண்டு வா என்று கமலவேணியைத் திரும்பவும் சேலத்துக்கு அனுப்பினார். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தீர்த்தகிரியின் ஆள் வந்து பிடித்துக்கொண்டான்.

"மூணு பேர் சொல்றது நெசம்னா சென்னிமலை ஜெயிலுக்குப் போகணும்," என்றான் தீர்த்தகிரி. "பொய்னா?"

"நான் போகணும்," என்றாள் கமலவேணி.

"ரெண்டுல எதுன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றான் கதவருகே நின்ற ஆண்டி. தீர்த்தகிரிக்கு உதவியாளன், ஜீப் டிரைவர், பேச்சுத் துணை எல்லாம் அவன்தான். "ஜீப்புல டீசல் கம்மி. ஒருத்தரைத்தான் கொண்டுபோய் விட முடியும்."

கமலவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனதுக்குள் ஓர் அசிங்கமான ஆசை உட்கார்ந்திருந்தது. அந்த மூன்று பேர் சொல்வது நிஜமாக இருக்க வேண்டும். சென்னிமலைதான் இடித்திருக்க வேண்டும். அப்படியானால் அவள் எழுதிய வரி பொய் இல்லை. இதை நினைத்த மறுகணம் சௌந்திரத்தின் முகத்தைப் பார்த்தாள், தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நானும் வாரனுங்க," என்று சௌந்திரம் எழுந்தாள். "ஜீப்பை உட்டு எறங்க மாட்டேன். முக்காடு போட்டுக்கறேன். அவரு எங்கிருக்கறாருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாதுங்க."

"நான் கேக்கவே இல்லையே," என்றான் தீர்த்தகிரி. "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். வாங்க."

மேட்டுக்காடு பஸ் ஸ்டாப்பில் டீக்கடை சின்னுசாமிதான் முதல் சாட்சி. கமலவேணியைப் பார்த்ததும் பெஞ்சைத் துண்டால் தட்டி, கேட்காமலே டீ போட்டார். டிவிக்காரங்க என்றால் அந்தப் பக்கத்தில் இப்போது தாசில்தாருக்கு மேலே.

"அன்னைக்கு நீங்க பார்த்தது பச்சைக் கலர் லாரிதானே?" என்று ஆரம்பித்தாள் அவள்.

"ஆமாங்க."

"ரொம்ப வேகமா வந்தது, இல்லையா?"

"ஆமாங்க, ஆமாங்க."

அவள் எழுதிக்கொண்டே போனாள். தீர்த்தகிரி டீயை ஊதியபடி குறுக்கே புகுந்தான். "லாரி நாமக்கல் பக்கமிருந்து வந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"இல்ல, ராசிபுரத்துப் பக்கமிருந்துங்களா?"

சின்னுசாமி ஒரு நிமிஷம் யோசித்தார். வந்தவர் மனசு நோகக் கூடாதே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. "ஆமாங்க, அப்பிடியும் வரும்ங்க."

"மேலேருந்து எறங்குச்சான்னு கேளுங்க," என்று முணுமுணுத்தான் ஆண்டி. "அதுக்கும் ஒரு ஆமாங்க வெச்சிருப்பாரு."

கமலவேணியின் பேனா நின்றுபோனது. முதல் தடவை வந்தபோதும் அவள் இப்படித்தான் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். யாரும் மறுக்கவில்லை என்று அப்போது எவ்வளவு பெருமைப்பட்டாள்! தேடி வந்த ஆளிடம், அதுவும் ஜீப்பில் வந்த ஆளிடம், 'இல்லீங்க' என்று சொல்வது இந்தப் பக்கத்தில் முகத்தில் அடிப்பது போல. டீயோடு சேர்த்து ஒரு ஆமாங்கவும் கொடுப்பது மரியாதை. அவள் மரியாதையையெல்லாம் சாட்சியம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

பேனாவை மூடிப் பையில் போட்டாள். "அண்ணா, நான் எதுவும் கேக்கலை. அந்த லாரி எப்படி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

சின்னுசாமி முதலில் திணறினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம் மெல்ல வந்தது. "பச்சை வண்டிங்க. முன்னாடி ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டியிருந்துச்சுங்க. எலை படபடன்னு அடிக்க, நேரா நம்ம மேல ஏர்றாப்பல வந்துச்சுங்க. நெம்ப பயமாப் போச்சு."

இரண்டாவது சாட்சி குப்பாயி. ஜவ்வரிசி மில் வாசலில் குவிந்து கிடந்த மரவள்ளிக் கிழங்குக்கு நடுவே உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தாள். கமலவேணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"வாழைக்கன்னு கட்டுன வண்டிங்கம்மிணி," என்றாள் குப்பாயி கத்தியை நிறுத்தாமல். "பொட்டு வெச்சு, மாலை போட்டு, பாக்கறதுக்கு லட்சணமா இருந்துச்சு. அது போயி இப்பிடிப் பண்ணிருச்சே!"

ஜீப் கிளம்பியதும் ஆண்டி தலையைச் சொறிந்தான். "ஏனுங்க, மார்கழி மாசம் எவன் வண்டிக்கு வாழைக்கன்னு கட்டுவான்? கல்யாண வண்டின்னா மார்கழில கல்யாணம் கெடையாது. புது வண்டின்னா மார்கழில எவனும் டெலிவரி எடுக்க மாட்டான். ஒருவேளை வண்டிக்கே கல்யாணமோ?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றான் தீர்த்தகிரி. "ரெண்டு பேரும் பொய் சொல்லலை. பொய் சொல்றவன் முகத்தைப் பன்னெண்டு வருஷம் பார்த்திருக்கேன். ஆனா எங்கேயோ இடிக்குது."

எங்கே இடிக்கிறது என்று கமலவேணிக்குத் தெரிந்துவிட்டது.

அந்த லாரிக் காட்சியை எடுத்தது ஆயுத பூஜை அன்று. மறுநாள் பிலிம் சென்னைக்குப் போயாக வேண்டும் என்று குதித்தவள் அவளேதான். கேமராமேன் வெள்ளியங்கிரியிடம், "இன்னைக்கு லாரி ஷாட் கிடைக்கலைன்னா என் வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு, சேலத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பொரியும் சுண்டலும் சாப்பிட்டாள். சாயங்காலம் அவர் "ஒண்ணு கெடச்சுது" என்றார். யாருடையது, எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. ஒளிபரப்பானபோதாவது பார்த்தாளா? கடைசியில் தன் பெயர் வருகிறதா என்பதில்தான் கண் இருந்தது.

இந்த ஜீப்பில் இருப்பவர்கள் யாருக்கும் படம் எடுத்த தேதி தெரியாது. சொல்லாமல் விட்டால் தெரியப்போவதும் இல்லை. மூன்று சாட்சிகள் அப்படியே நிற்பார்கள். அவள் வரியும் நிற்கும். மைசூர்பாகும், அடுத்த பாகமும், நிரந்தர வேலையும் நிற்கும். பின்சீட்டில் முக்காட்டுக்குள் சௌந்திரம் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"ஜீப்பை நிறுத்துங்க," என்றாள்.

ஆண்டி ஓரம் கட்டியதும், படம் எடுத்தது ஆயுத பூஜை அன்று என்பதை ஒளிக்காமல் சொன்னாள். சௌந்திரம் முக்காட்டை விலக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதை வாங்கிக்கொள்ள முடியாமல் கமலவேணி வெளியே பார்த்தாள்.

"அப்போ அவங்க பார்த்தது டிவியை," என்றான் தீர்த்தகிரி மெதுவாக. "ரோட்டை இல்ல. மூணாவது ஆளு சின்னண்ணன். அந்தப் பக்கத்துல டிவி இருக்கறது யார் ஊட்ல?"

"சின்னண்ணன் ஊட்லதானுங்க," என்றாள் சௌந்திரம்.

சின்னண்ணன் நல்ல வசதியான விவசாயி, நேர்மையான மனிதர் என்று பேர் வாங்கியவர். அவர் வீட்டு மாடியில் ஆன்டெனா நின்றது. அன்று நிகழ்ச்சி பார்க்க ஊரே கூடியது என்றும், சின்னுசாமி உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார், குப்பாயி வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள் என்றும் அவரே சொன்னார். மூன்று வெவ்வேறு ஆட்களிடம் கேட்டு உறுதிப்படுத்து என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

"மூணு குடத்துல தண்ணி கொண்டு வந்தாங்க," என்றான் ஆண்டி. "கெணறு ஒண்ணே ஒண்ணுதான்."

"ஐயா," என்றாள் கமலவேணி. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வாழைக்கன்னு கட்டின அந்த லாரியை நீங்க பார்த்தது ரோட்டிலயா, டிவியிலயா?"

"என்னங்கம்மிணி இப்பிடிக் கேக்கறீங்க? வெடியால நான் தோட்டத்துக்குப் போறப்ப..." சின்னண்ணன் கண்ணைச் சுருக்கினார். "சத்தங் கேட்டுச்சு. திரும்பினேன். ஒரே பனி. கருப்பண்ணன் கெடந்தான். பால் பூராவும் ரோட்டுல ஓடுது. வண்டி..." நின்றுவிட்டார். "வண்டி கண்ணுக்குள்ள நிக்குதுங்க. ஆனா அது எந்தக் கண்ணுல பாத்ததுன்னு... அட சாமீ, எனக்கே இப்பத் தெரியலீங்களே!"

பெரிய மனிதர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ஒருத்தன் குடியைக் கெடுத்துப்போட்டனுங்களா?"

"நீங்க இல்லைங்கய்யா," என்றாள் கமலவேணி.

தீர்த்தகிரி எழுந்தான். "இதோட சென்னிமலை மேல இருக்கற சாட்சி போச்சு. ஆனா அவன் இடிக்கலைன்னு இன்னும் ஆகலை. பனியில எவன் வந்தான்னே தெரியாதப்போ, அவனாவும் இருக்கலாம்."

உண்மைதான். கமலவேணி நகராமல் நின்றாள். வண்டியைப் பற்றிக் கேட்டால் இனி அவர்கள் கண்ணில் ஓடுவது அவள் கொடுத்த படம்தான். பச்சைக் கலரும் வாழைக்கன்றும் அவள் போட்ட பூச்சு. டிவி கொடுக்காதது எது? அந்தப் பெட்டியில் எது வரவே வராது? சட்டென்று பொறி தட்டியது.

"ஐயா, அன்னைக்குக் கருப்பண்ணன் பக்கத்துல போனீங்களே. அப்போ என்ன வாசம் அடிச்சுது?"

சின்னண்ணன் நிமிர்ந்தார். இந்த முறை யோசிக்கவே இல்லை. "கருவாடு! கொடலைப் பிரட்டுச்சுங்க. பால் வாசத்தோட அது சேந்து... அன்னிக்குப் பூராவும் எனக்குச் சோறு எறங்கலை. இது வரைக்கும் யாரும் இதைக் கேக்கலீங்களே!"

திரும்பும் வழியில் குப்பாயியிடமும் சின்னுசாமியிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். கருவாடு என்று யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. என்ன வாசம் என்பது மட்டும்தான் கேள்வி. குப்பாயி, "கருவாடு" என்று மூக்கைப் பொத்திக் காட்டினாள். சின்னுசாமி, "கருவாட்டு லோடு வண்டிங்க, ரோடு பூராவும் நாறிப்போச்சு" என்றார். ஆமாங்க என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

"சென்னிமலை என்ன லோடு அடிப்பாரு?" என்று தீர்த்தகிரி பின்னால் திரும்பினான்.

சௌந்திரம் முக்காட்டை விலக்கினாள். "ஜவ்வரிசிதானுங்க, வருஷம் பூராவும் ஜவ்வரிசி. கருவாடு ஒருக்கா ஏத்துன வண்டிக்கு எந்த மில்லுலயும் லோடு தர மாட்டாங்க. தார்ப்பாயை மோந்து பாத்துட்டுத்தான் மூட்டையே ஏத்த உடுவாங்க." சொன்னவள் எட்டி ஆண்டியின் தோளைத் தட்டினாள். "இந்தப் பக்கமாத் திருப்புங்க. எங்கண்ணன் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு."

"தெரியாதுன்னீங்க?" என்றான் ஆண்டி.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுங்க."

மோட்டார் ரூம் கதவைத் திறந்து வந்த சென்னிமலை தாடியும் அழுக்குமாக இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அப்ப நான் இடிக்கலீங்களா?" என்றான். "போன மார்கழில எந்த நாளு எந்த ரோட்டுல போனேன்னு எனக்கு எப்பிடிங்க நெனவிருக்கும்? மூணு பேரு கண்ணால பாத்தேங்கறப்போ, தூக்கக் கலக்கத்துல நானேதான் அடிச்சுப்போட்டு வந்துட்டனோன்னு... நானே நம்பிட்டனுங்க."

"அதுக்கு ஓடி ஒளியணுமா? வந்து சொல்லியிருக்கலாமே!" என்றான் தீர்த்தகிரி.

சென்னிமலை மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஆயுத பூஜை அன்னிக்குப் பூஜை போட்டு நிறுத்துன வண்டிய எடுத்தனுங்க. அது சாமி குத்தம். எந்த டிரைவரும் எடுக்க மாட்டான். மொதலாளிக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. அந்தப் பாவந்தான் இப்பிடி வந்து சுத்துதுன்னு நெனச்சேன்."

சௌந்திரம் இடுப்பில் கை வைத்தாள். "பூஜை போட்ட வண்டியவா? எதுக்கு எடுத்தீங்க?"

"கேமராக்காரரு ஸ்டாண்டுல ஒவ்வொருத்தன் கிட்டயாப் போயிக் கெஞ்சறாரு. எவனும் அசையலை. ஒரு பொண்ணுக்கு மொத வேலை, இன்னைக்குப் படம் எடுக்காட்டி வேலையை உட்டு அனுப்பிருவாங்கன்னாரு. கேக்கறப்ப மனசு தாங்கலை. ஒருக்காப் போயிட்டு வந்தா சாமி கோவிச்சுக்காதுன்னு எடுத்துட்டேன்."

இவ்வளவு நாளும் தான் செய்தது வெறும் தப்பு என்றுதான் கமலவேணி நினைத்திருந்தாள். தனக்கு உதவி செய்தவனையே அவள் கொலைகாரன் ஆக்கியிருக்கிறாள். அவன் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஆக்கியிருக்கிறாள். இடித்தவன் கருவாடு ஏற்றிக்கொண்டு இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறான், ஊரே அவள் காட்டிய லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றதால்.

"அந்தப் பொண்ணு நான்தாங்கண்ணா," என்றாள். அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் பார்க்கவில்லை. "இதோ இந்த லாரிதான்னு எழுதினதும் நான்தான். இப்பவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் கையெழுத்துல எழுதிக் கொடுத்துடறேன். பேப்பர்காரங்களையும் கூப்பிட்டுச் சொல்றேன். அது பொய், நான் விசாரிக்காம எழுதினதுன்னு என் பேரோட போடச் சொல்றேன்."

தீர்த்தகிரி ஜீப் பக்கம் நடந்தான். ஆண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புழுதி என்றான். யாரும் கேட்கவில்லை.

சென்னிமலை எழுந்து நின்றான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்பிடி எழுதிக் குடுத்தா," என்றான் அவன் கவலையோடு, "உங்க வேலை போயிராதுங்களா, அம்மிணி?"